ஆலை வந்தது, வீடு எங்கே? - ஆவடியின் கதை

(ஆவடியில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நாம் பேசியது.)



கூலியைப் பற்றிப் பேசுவார்கள், போனசைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று பேசப்போவது வேறு விஷயம். ஷிப்டு முடிந்து கேட்டை விட்டு வெளியே வருகிறோமே, வந்து எங்கே போய்ப் படுக்கிறோம்? அந்த இடம் எப்படி உண்டாயிற்று? யார் கட்டினார்கள்? நாளைக்கும் அது நம்முடையதாக இருக்குமா? இதுதான் இன்றைய விஷயம்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எலிக்குக்கூட வளை உண்டு. தேசத்துக்கு டாங்கி செய்கிறவனுக்கும், இரும்பு உருக்குகிறவனுக்கும், நாற்று நடுகிறவளுக்கும் என்ன உண்டு என்று பார்ப்போம்.

முதலில் நம் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆவடி என்பது டாங்கித் தொழிற்சாலைக்காக இங்கிலீஷ் எழுத்துக்களைக் கோத்து வைத்த பெயர் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டாங்கித் தொழிற்சாலை ஏற்பட்டது 1961-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1955-ல், இதே ஊரில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. அதை ஆவடி மகாநாடு என்றுதான் உலகமே அழைத்தது. ஆகவே பெயர் ஆலைக்கு முந்தியது. இந்தச் சின்ன விஷயத்தை ஏன் சொல்கிறோம்? ஆலை வந்த பிறகுதான் ஊர் வந்தது, அதற்கு முன் இங்கே வெறும் பொட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. இங்கே ஜனங்கள் இருந்தார்கள்.

எப்படி இருந்தார்கள்? ஏரிகளை நம்பி இருந்தார்கள். பருத்திப்பட்டு ஏரி, விளிஞ்சியம்பாக்கம் ஏரி, அயப்பாக்கம் ஏரி, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி என்று வரிசையாக ஏரிகள். மழைத் தண்ணீரைத் தேக்கி, ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு விட்டு, நெல் விளைவித்த ஜனங்கள். சேக்காடு, தண்டுரை, மிட்டனமல்லி, கோயில்பதாகை, முத்தாபுதுப்பேட்டை, இவையெல்லாம் அன்றைய கிராமங்கள். திருமுல்லைவாயல் தேவாரம் பாடிய காலத்திலேயே இருந்த ஊர். மிராசுதாரனிடம் நிலம் இருந்தது. உழுதவனிடம் ஏரும், நட்டவளிடம் முதுகு வலியும் இருந்தன. கரையை உயர்த்தியதும், மதகைக் காத்ததும், மண் சுமந்ததும் யார்? சேரி ஜனங்கள்தான்.

1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். நம் ஊர் வழியாகத்தான் போயிற்று. ஆனால் அன்று ரயில் ஓடியது நமக்காக அல்ல. வெள்ளைக்காரனின் சரக்குக்கும் படைக்கும் ஓடியது. நம் ஜனங்கள் நெடுங்காலம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1979-ல் சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது நம்முடைய ரயில் ஆயிற்று. விடியற்காலையில் டிபன் தூக்குடன் ஓடுகிற ஆயிரமாயிரம் பேருக்கு அந்த ரயில்தான் இன்றைக்கும் கை, கால் எல்லாம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சர்க்கார் இங்கே ராணுவக் கிடங்குகளும் முகாம்களும் போட்டது. யுத்தம் முடிந்தது, வெள்ளையன் போனான், கிடங்குகள் நின்றன.

அடுத்து வந்தது 1955 ஜனவரி. சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட இடத்தில் பெரிய பந்தல். தலைவர் தேபர். பிரதமர் நேரு வந்தார். காமராஜர் அப்போது சென்னை ராஜ்ய முதன்மந்திரி. அங்கேதான் "சோஷலிஸ பாணி சமுதாயம்" அமைப்போம் என்ற தீர்மானம் நிறைவேறியது. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும், தேசத்தின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும் என்றார்கள். நம் ஊர்ப் பெயர் சரித்திரப் புத்தகத்தில் ஏறியது அந்தத் தீர்மானத்தால்தான்.

தீர்மானம் காகிதத்தில் இருந்தது. ஆனால் தோழர்களே, நியாயமாகப் பேச வேண்டும். அதன் பிறகு சில காரியங்கள் நடக்கவும் செய்தன. 1955-லேயே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், ராணுவ உடைத் தொழிற்சாலையும் ஏற்பட்டன. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி நம் தொழிலாளியின் கையிலிருந்து வெளிவந்தது. பக்கத்தில் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை, டயர் ஆலை, பிறகு 1960-களில் தொழிற்பேட்டை.

சர்க்கார் ஆலையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலை வந்தபோது கூடவே வீடும் வந்தது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், தண்ணீர்க் குழாய், அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். இது தானமா? இல்லை. நாடெங்கிலும் இருந்து பிட்டரும் டர்னரும் வெல்டரும் வந்தால்தான் டாங்கி ஓடும். அவர்கள் வந்தால் தங்க இடம் வேண்டும். தேவை இருந்தது, கட்டினார்கள். ஆனாலும் அந்தக் குவார்ட்டர்ஸ்களில்தான் ஒரு புது ஜனசமூகம் பிறந்தது. தஞ்சாவூர்க்காரனும் மலையாளியும் தெலுங்கனும் வங்காளியும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். கிராமத்தில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்களின் பிள்ளைகள் இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சேரிப் பையன் அப்ரண்டிஸ் ஆகி, சார்ஜ்மேன் ஆகி, அவன் மகள் டாக்டராகிய குடும்பங்கள் உண்டு. ஆவடியின் குணம் என்ன என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். சாதி பார்க்காமல் சங்கு ஊதியது. சங்குச் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் ஒரு ஊராக ஆனார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்கும் ஒரு கெடு இருந்தது. முப்பத்தைந்து, நாற்பது வருஷம் உழைத்தவன் ஓய்வு பெற்றால், சில மாதங்களில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார்: "தோழரே, சுவரில் ஆணி அடிக்கும்போதெல்லாம் என் பெண்டாட்டி கேட்பாள், இது நம்ம சுவரா என்று." அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நம் தொழிலாளிகள் பிராவிடண்ட் பண்டையும் சீட்டுப் பணத்தையும், மனைவியின் வளையலையும் போட்டு, வெளியே அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டும் வாங்கினார்கள். இப்படித்தான் ஆவடியைச் சுற்றிலும், பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ரயில் பாதை நெடுக "நகர்"கள் முளைத்தன.

"வீட்டைக் கட்டிப் பார்" என்றார்களே, கட்டிப் பார்த்தார்கள். முதல் வருஷம் அஸ்திவாரம், இரண்டாம் வருஷம் சுவர், மூன்றாம் வருஷம் கூரை. பூச்சு வேலைக்கு மகன் வேலைக்குப் போகும்வரை காத்திருந்தார்கள். ரோடு இல்லை, சாக்கடை இல்லை, விளக்கு இல்லை. குடியிருப்போர் சங்கம் வைத்து, மனுக் கொடுத்து, மறியல் செய்து, ஒவ்வொரு தெருவிளக்காக வாங்கினார்கள். ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஜனங்களின் இந்த உழைப்புதான்.

இப்போது விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்க வேண்டும்: "அந்த மனைகள் எல்லாம் வயலாக இருந்தபோது அதில் நாங்கள்தானே வேலை செய்தோம்? எங்களுக்கு என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்வி. பட்டாதாரர் நிலத்தை விற்றார், பணம் வாங்கினார். புரோக்கர் கல் நட்டார், கமிஷன் வாங்கினார். மனை வாங்கியவருக்கு மனை. நடவு நட்டவளுக்கு? ஒரு நாள் காலையில் வயலுக்குப் போனாள், வெள்ளைக்கல் நட்டிருந்தது, திரும்பி வந்தாள். அவ்வளவுதான் அவள் கணக்கு. 2013-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் இடத்தில் அதற்கு முன் மூன்று வருஷம் வேலை செய்து பிழைத்த விவசாயத் தொழிலாளியின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொள்கிறது. இதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சர்க்கார் எடுக்காமல், இரண்டு ஏக்கர் நாலு ஏக்கராகப் புரோக்கர் விலைக்கு வாங்கி மனை பிரிக்கும்போது அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் தடை போட்டது. 2017-ல் சர்க்கார் விதிகள் செய்து, கட்டணம் கட்டினால் மனைகளை வரன்முறை செய்யலாம் என்றது. வாங்கிய தொழிலாளி கட்டணம் கட்டினான். தப்பாகப் பிரித்து விற்று லாபம் எடுத்துப் போனவன் கட்டினானா? ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்ட கூலிக்காரனுக்கு அந்த விதியில் இடமில்லை. அவனுக்கு வந்தது காலி செய்யும் நோட்டீஸ்.

ஏரியை அடைக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பாவம் மட்டுமல்ல, முட்டாள்தனமும் ஆகும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் மறந்துவிட்டோமா? வாய்க்கால் இருந்த இடத்தைத் தண்ணீர் மறக்கவில்லை. நேரே வீட்டுக்குள் வந்தது. அரிசி மூட்டை மிதந்தது. ஏரி காக்கப்பட வேண்டும். ஆனால் ஏரிக்கரையில் குடிசை போட்டவன் ஆசைப்பட்டுப் போடவில்லை. வேலைக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லாமல் போட்டான். அவனைத் தூக்கி வேலை இல்லாத தூரத்தில் போடுவது தீர்வல்ல. சென்னைக் கால்வாய்க் கரை ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். சுவரும் கூரையும் கிடைத்தன. வேலைக்கும் பள்ளிக்கும் அலைந்தே அவர்கள் நொந்தார்கள். வீடு என்றால் நாலு சுவர் மட்டுமல்ல, வேலைக்குப் போகும் வழியும் சேர்ந்ததுதான் வீடு.

சரி, இன்றைக்கு என்ன நிலைமை? 2021 அக்டோபர் முதல் தேதி நாடு முழுவதும் இருந்த 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். டாங்கித் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஒரு கம்பெனிக்கு. பக்கத்திலேயே இருக்கும் உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறு கம்பெனிக்கு. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே ரயில், எஜமானர்கள் மட்டும் வேறு. தொழிலாளர்கள் எதிர்த்தபோது, அந்த வருஷமே வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த ஊரில் சமுதாய உடைமை என்று தீர்மானம் போட்டார்களோ, அந்த ஊருக்கே இந்தக் கதி!

இது நம் வீட்டுக் கூரையைத் தொடுமா என்று கேட்காதீர்கள். கம்பெனி என்று ஆனால் கணக்கு லாபத்தில் ஓடும். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றுப் போகிற இடத்தில் காண்டிராக்ட் தொழிலாளி வந்தால், அவனுக்குக் குவார்ட்டர்ஸ் ஏது?

அதை இன்றே பார்க்க வேண்டுமா? கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. உருக்காலைகள், உருட்டாலைகள், வார்ப்படச் சாலைகள். பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ தொழிலாளிகள். நம் மாவட்டத்துக் கிராமத்து வாலிபர்களும் அங்கே உண்டு. ஆலைக்குச் சர்க்கார் நிலம் கொடுத்தது, ரோடு கொடுத்தது, மின்சாரம் கொடுத்தது. தொழிலாளிக்கு வீடு? அது யாருடைய பிளானிலும் இல்லை.

நாம் ஒரு அறைக்குப் போயிருந்தோம். பத்துக்குப் பத்து இருக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எட்டுப் பேர் தங்குகிறார்கள். பாய் நாலுதான். "நாலு பாயில் எட்டுப் பேர் எப்படி?" என்று கேட்டோம். ஒடிசாக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, அரைகுறைத் தமிழில் சொன்னான்: "நாலு பேர் டே ஷிப்டு, நாலு பேர் நைட் ஷிப்டு, அண்ணா. பாய் எப்பவும் சூடாவே இருக்கும்."

தோழர்களே, பாய் ஆறுவதே இல்லை! உலை மட்டும் இருபத்துநாலு மணி நேரம் சூடாக இருப்பதில்லை, பாயும் அப்படித்தான். அந்த அறைக்கு எட்டுப் பேரிடமும் தனித்தனியாக வாடகை. கேட்டுக்கு உள்ளே கொடுத்த கூலியில் ஒரு பங்கைக் கேட்டுக்கு வெளியே பிடுங்கிக்கொள்கிறார்கள். நாம் கூலி உயர்வுக்குப் போராடி ஆயிரம் ரூபாய் வாங்கினால், மறுமாதமே வாடகை ஏறுகிறது. அப்படியானால் நாம் யாருக்காகப் போராடினோம்?

வெளி மாநிலத் தொழிலாளியை அழைத்துவரும் காண்டிராக்டர் அவனுக்குத் தகுந்த குடியிருப்பு கொடுக்க வேண்டும் என்று 1979-ல் செய்த சட்டம் சொல்லிற்று. எத்தனை காண்டிராக்டர் கொடுத்தான்? சட்டம் புத்தகத்தில் தூங்கிற்று. 2025 நவம்பரில் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்தபோது அந்த 1979 சட்டத்தையும் உள்ளே போட்டு முடித்துவிட்டார்கள். தூங்கிய சட்டத்தை எழுப்புவதற்குப் பதில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

"விடுதி கட்டுகிறோமே" என்பார்கள். உண்மை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் சர்க்கார் திறந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2021 டிசம்பரில், தனியார் விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று நோய்ப்பட்ட பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததால்தான் அவர்கள் எப்படித் தங்குகிறார்கள் என்பதே நாட்டுக்குத் தெரிந்தது. நல்ல விடுதியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் படுக்கை வேறு, வீடு வேறு. படுக்கையில் தாயை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. படுக்கையில் கல்யாணம் செய்து குடும்பம் நடத்த முடியாது. படுக்கை எண்ணுக்கு ரேஷன் கார்டு கிடைக்காது. வேலை போன அன்றே படுக்கையும் போகும். அங்கே ஆள் தங்குவான், ஊர் உண்டாகாது.

வேறு வழி உண்டா? உண்டு. இது கனவல்ல, நடந்த விஷயம். ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரில் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர் கட்சியின் நகரசபை இருந்தது. 1923-ல் வீட்டு வரி ஒன்று போட்டது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சின்ன வரி. அந்தப் பணத்தில் தொழிலாளர் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டிற்று. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். துணி வெளுக்கும் கூடம், குழந்தைகள் பள்ளி, நூல் நிலையம், வைத்திய நிலையம் எல்லாம் அதற்குள்ளேயே. 1934-ல் எதிரிகள் அதன் மேல் பீரங்கி வைத்துச் சுட்டார்கள். சுவர் சிதைந்தது, குடியிருப்பு அழியவில்லை. இன்றைக்கும் நகரசபையின் சொத்தாகவே நிற்கிறது, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வரி யாரிடம் வாங்குவது, வீடு யாருக்குக் கட்டுவது என்று முடிவு செய்தால் செய்ய முடியும்!

நம் ஊரிலும் பணம் இல்லாமல் இல்லை. பட்டாபிராமில் 2024-ல் 21 மாடி டைடல் பூங்கா எழுந்தது. அதைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் எங்கே படுத்தார்கள்? அதைக் கூட்டித் துடைக்கிற தாய் எங்கிருந்து ரயிலேறி வருகிறாள்? மாடி உயர உயரச் சுற்றிலும் மனை விலையும் வாடகையும் உயர்கின்றன. அந்த விலை ஏறியதற்குக் காரணம் நம் உழைப்பு. ஆனால் ஏறிய விலை நம்மையே ஊரை விட்டு வெளியே தள்ளுகிறது.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? பெரிய பேச்சு வேண்டாம், மூன்று காரியம் சொல்கிறோம்.

ஒன்று. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனஸ் என்ற வரிசையில் வீட்டையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் கணக்கெடுங்கள். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு வாடகை, தண்ணீர் எத்தனை குடம், கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மானேஜரும் அதிகாரியும் மழுப்ப முடியாது.

இரண்டு. கிராமத் தோழர்கள் கிராமசபையில் பேச வேண்டும். எந்தப் புறம்போக்கு வீட்டுமனைக்குத் தகுந்தது, எது ஏரி, எது வாய்க்கால் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தகுந்த நிலத்தை மனையில்லாதவர்களுக்குக் கேளுங்கள். ஏரியையும் வாய்க்காலையும் நீங்களே காவல் காருங்கள். பெரிய ஆள் வேலி போட்டால் முதல் குரல் உங்கள் குரலாக இருக்கட்டும்.

மூன்று. நிரந்தரத் தொழிலாளி காண்டிராக்ட் தொழிலாளியை வேற்றாளாக நினைக்கக் கூடாது. நம்மில் சிலர் ஓய்வுப் பணத்தில் கட்டிய வீட்டின் பின்புறத்தில் ஷீட் போட்டு, அந்த வெளியூர்த் தம்பிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாமும் ஒரு காலத்தில் டிரங்குப் பெட்டியோடு இந்த ஸ்டேஷனில் இறங்கியவர்கள்தான். நமக்குச் சர்க்கார் சுவர் கொடுத்தது. அந்தத் தம்பிக்கு நாம் சூடான பாயைக் கொடுக்கலாமா? அவனுக்கு விளக்கும் காற்றும் தண்ணீரும் உள்ள இடமாகக் கொடுங்கள். வாடகைக்கு ரசீது கொடுங்கள். பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வாருங்கள், வீடு கேட்போம்.

ஏரியை வெட்டியவர்கள் ஊரைக் கொடுத்தார்கள். டாங்கி செய்தவர்கள் ஊரை வளர்த்தார்கள். தெருவிளக்குக்கு மறியல் செய்தவர்கள் அதை நகரமாக்கினார்கள். இன்று இரும்பு உருக்குகிறவர்களுக்கும் ஊர் வேண்டும். அடுத்த முறை நாம் கும்மிடிப்பூண்டிக்குப் போகும்போது, அந்த ஒடிசாத் தம்பி தன் தாயை அழைத்துவந்து, "இது என் வீடு" என்று காட்ட வேண்டும். அதுவரை இந்தப் பேச்சு முடியாது, தோழர்களே. இன்றைக்கு இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். நாளை நோட்டுப் புத்தகத்தோடு சந்திப்போம்.